25,000 ரூபாய்க்குள் எதை முதலில் மாற்றுவது: ஸ்பீக்கரா, ஆம்ப்பா, டாக்கா?

சத்துவாச்சாரி_ரசிகன்:

எல்லோருக்கும் வணக்கம். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. எதில் போட்டால் காதுக்கு உடனே வித்தியாசம் தெரியும் என்று முடிவு செய்ய முடியவில்லை.

இருப்பது இதுதான். 14 வருடப் பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. வூஃபர் (பேஸ் என்னும் தாழ் ஸ்வரங்களைத் தரும் பெரிய கூம்பு) 6.5 இன்ச், பின்னால் 6 ஓம், 86 டெசிபல் என்று போட்டிருக்கிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பக்கத்துக்கு 30 வாட், வாங்கி 5 வருடம் ஆகிறது. பாட்டு போனிலிருந்து புளூடூத்தில், படம் டிவியிலிருந்து. ஸ்பீக்கருடன் வந்த மெல்லிய வயர்தான் இன்றும் ஓடுகிறது, ஒரு பக்கம் 5 மீட்டர்.

அறை 12க்கு 10 அடி, உயரமும் 10 அடி. கான்கிரீட் தளம், தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ். 10 அடிச் சுவர் பக்கம் இடது ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்ட் மேல் இருக்கிறது. வலது ஸ்பீக்கர் மூலையில், ஸ்டீல் பீரோவை ஒட்டி ஒரு ஸ்டூல் மேல். சோஃபா எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது.

குறை மூன்று. பேஸ் கிட்டாரில் சில ஸ்வரம் மட்டும் கும்மென்று அறையையே நிரப்புகிறது, மற்றவை காணாமல் போகின்றன. கச்சேரியில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொழகொழவென்று இருக்கிறது. சத்தம் குறைத்து வைத்தால் வார்த்தை புரிவதில்லை, ஏற்றினால் காது கூசுகிறது.

கடையில் 100 வாட் ஆம்ப் போடச் சொல்கிறார்கள். டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கு என்று ஒருவர், சப்வூஃபர் (பேஸுக்கு மட்டும் தனி ஸ்பீக்கர்) வாங்கு என்று இன்னொருவர். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


காட்பாடி_கேள்விக்காரன்:

தம்பி, ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பு இரண்டு நாள் ஸ்பீக்கரை நகர்த்திப் பாருங்கள். நீங்கள் சொல்லும் முதல் இரண்டு குறையும் அறையிலிருந்து வருபவை. 100 வாட் போட்டால் அதே கும் இன்னும் பலமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

காரணம் சொல்கிறேன். எதிரெதிர் சுவருக்கு நடுவே ஒலி மாட்டிக்கொள்ளும் அதிர்வெண், ஒலியின் வேகத்தைச் சுவர் இடைவெளியின் இரு மடங்கால் வகுத்தால் வரும். வேகம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்க் கோடையில் 350ஐத் தாண்டும். 12 அடி என்பது 3.66 மீட்டர், ஆக நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடி 3.05 மீட்டர், ஆக அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். உயரமும் 10 அடி என்பதால் அதற்கும் 57. இரண்டு அளவு ஒன்றாக இருப்பதுதான் இந்த மாதிரி அறைகளின் சாபம், ஒரே இடத்தில் இரட்டைக் கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்திலும் அதற்கு அக்கம்பக்கத்திலும் அறை நிறைவது இதனால்தான்.

இதில் அகலத்தின் கும்மைச் செலவே இல்லாமல் அடக்கலாம். இரண்டு ஸ்பீக்கரும் பக்கச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நின்று, பேஸ் இரண்டிலும் ஒன்றாக வந்தால், அகலத்தின் முதல் அதிர்வு தூண்டப்படவே மாட்டாது. ஒரு பக்கம் தள்ளுவதை மறுபக்கம் ரத்து செய்துவிடும். இப்போது ஒன்று மூலையில், ஒன்று நடுவில் இருப்பதால் அது நடக்கவில்லை. மூலை வேறு எல்லா பேஸையும் ஏற்றிக் கொடுக்கும் இடம்.

அதனால் பீரோவை அந்தச் சுவரிலிருந்து எடுங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் 10 அடிச் சுவரின் முன், பக்கத்துக்கு இரண்டரை அடி விட்டு வையுங்கள், நடுவே 5 அடி கிடைக்கும். பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கி, அரை அடி அரை அடியாக முன்னால் இழுத்துக் கேளுங்கள். ட்வீட்டர் (மேல் ஸ்தாயியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வர வேண்டும், சோஃபாவில் உட்கார்ந்தால் தரையிலிருந்து 38 இன்ச் சுமாருக்கு. ஸ்டாண்டுக்கு இப்போதே பணம் வேண்டாம். 16க்கு 8க்கு 8 இன்ச் சாலிட் பிளாக் மூன்றைப் படுக்கவைத்து அடுக்கினால் 24 இன்ச். மேலே பழைய சைக்கிள் ட்யூப் துண்டு நாலு போட்டால் ஸ்பீக்கர் வழுக்காது. குழந்தைகள் ஓடும் வீடென்றால் பிளாக்குகளுக்கு நடுவில் கொஞ்சம் கலவை வைத்துவிடுங்கள்.

சோஃபா சுவரை ஒட்டி இருக்கவே கூடாது. சுவரோரத்தில் எல்லா அறை அதிர்வும் உச்சத்தில் இருக்கும். காது பின்சுவரிலிருந்து 4 அடியில் இருந்தால் நல்லது. அறைக்குச் சரிநடுவிலும் வேண்டாம், அங்கே 47 ஹெர்ட்ஸ் அடியோடு காணாமல் போகும்.

டைல்ஸும் வெறுஞ்சுவரும் மேல் ஸ்தாயியைக் கூர்மையாக்கும். உட்காரும் இடத்தில் நின்று ஒரு தட்டு கை தட்டுங்கள். டிர்ர் என்று வால் நீண்டால், இணைச் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவில் தடித்த விரிப்பு ஒன்று, ஜமுக்காளம் என்றால் இரண்டாக மடித்தது. ஜன்னலுக்கு அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி வைத்துச் சுருக்கிய கனமான திரை. புத்தகம் நிறைந்த அலமாரி இருந்தால் அது பக்கச் சுவரில் நிற்கட்டும்.

இணையத்தில் விற்கும் முட்டை அட்டை மாதிரி ஃபோமை வாங்கிவிடாதீர்கள். 57 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டர், 2 இன்ச் ஃபோம் அதை என்ன செய்யும்? உயரத்தால் வரும் கும்முக்குக் கொஞ்சமாவது பிடிக்கிறது என்றால் அது மூலையில் நிற்கும் தடித்த ராக்வூல் (கல் இழைப் பஞ்சு). கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ஸ்லாப், 100 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல், மூச்சு விடும் பருத்தித் துணியில் சுற்றியது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பாய்லர் இன்சுலேஷன் வேலை எடுப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கம்பி வலையில் தைத்த மேட் கொடுத்தால் வாங்காதீர்கள், அது அடர்த்தி கூடியது, சூட்டுக்கானது. தட்டையான ஸ்லாப் என்று கேளுங்கள். அறுக்கும்போது கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம்.

பீரோவைப் பற்றி இன்னொன்று. போனில் டோன் ஜெனரேட்டர் செயலி போட்டு 30லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். பீரோக் கதவு, கொசுவலைச் சட்டம், ஜன்னல் கண்ணாடி, லாஃப்ட்டில் இருக்கும் எவர்சில்வர் அண்டா, எது எந்த இடத்தில் கிணுகிணுக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். கொழகொழ என்பதில் பாதி இதுவாக இருக்கலாம்.


ஆற்காடு_சால்டரிங்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மூன்றாவது குறைக்கு அறையை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். சத்தம் குறைத்தால் வார்த்தை புரியவில்லை என்றால் ஸ்பீக்கரைத் திறந்து பார்க்க வேண்டும். 14 வருடம் என்பது லேசான வயது இல்லை, அதுவும் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில்.

வூஃபர் விளிம்பு ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் என்றால் விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். பிசுபிசுப்பு, பொடி, மயிரிழை வெடிப்பு, எது இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. அந்த நிலையில் சத்தமாக ஓட்டினால் கூம்பு சாய்ந்து வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) உரசி வூஃபரே போய்விடும். கூம்பை இரண்டு பக்கமும் விரலால் சமமாக அழுத்தி விடும்போது கரகர என்றால் ஏற்கெனவே உரசுகிறது.

அடுத்து கிராஸ்ஓவர், அதாவது ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட். பின்னாலிருக்கும் டெர்மினல் தட்டைக் கழற்றினால் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ட்வீட்டருக்குத் தொடராக ஒரு நான்-போலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும், 3.3 அல்லது 4.7 மைக்ரோஃபாரட். ஒரு காலைப் பிரித்துவிட்டு, கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். காலைப் பிரிக்காமல் அளந்தால் கூட இருக்கும் காயிலும் சேர்ந்து பொய்க் கணக்கு வரும். போட்டிருப்பதில் 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் மாற்றுங்கள், அதே மதிப்பில் 100 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர். ஜோடியாக இரண்டு பெட்டியிலும் மாற்ற வேண்டும். சாதாரண பிளஸ் மைனஸ் உள்ள எலக்ட்ரோலைட்டிக்கை அங்கே போடவே கூடாது.

ட்வீட்டரில் சிலவற்றுக்குக் காயில் இடுக்கில் காந்தத் திரவம் இருக்கும். வருடங்கள் போனால் அது கெட்டியாகி மேல் ஸ்தாயி அமுங்கும். ஒரு பெட்டி மட்டும் மந்தமாக இருந்தால் இரண்டு ட்வீட்டரையும் இடம் மாற்றிப் போடுங்கள். மந்தம் கூடவே போனால் ட்வீட்டர், அங்கேயே நின்றால் கெப்பாசிட்டர்.

போலாரிட்டியும் (பிளஸ், மைனஸ் சரியா என்று) பாருங்கள், ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றிய பிறகு. 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பில், மைனஸ்ஸை கறுப்பில் ஒரு நொடி தொட்டால் வூஃபர் வெளியே வர வேண்டும். இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று உள்ளே போனால் பேஸ் வற்றிப் போகும், குரல் நடுவில் நிற்காமல் சிதறும்.


சத்துவாச்சாரி_ரசிகன்:

இரண்டு பேருக்கும் நன்றி சார். வார இறுதியில் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். 30 வாட் போதுமா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. சாயங்காலம் எங்கள் தெருவில் வோல்டேஜ் வேறு இறங்கும். டிவி செட்டாப் பாக்ஸை ஆம்ப்பில் மாட்டினால் ம்ம்ம் என்று ஒரு இரைச்சலும் வருகிறது. அதற்கு ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா?


பாகாயம்_வோல்ட்:

வாட் கணக்கை யூகிக்க வேண்டாம், மல்டிமீட்டரால் அளந்துவிடலாம். வழக்கமாக நீங்கள் கேட்கும் அதிகபட்ச சத்தத்தில் வால்யூமை நிறுத்துங்கள். ஆம்ப்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். மைனஸ் 12 டெசிபலில், அதாவது முழு அளவில் நாலில் ஒரு பங்கு வோல்ட்டில், பதிந்த 60 ஹெர்ட்ஸ் சைன் டோனை, ஈக்வலைசர் இல்லாமல், அதே போனிலிருந்து ஓட்டுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் டெர்மினலில் அளங்கள். வந்ததை 4ஆல் பெருக்கினால், பாட்டின் உச்சத்தில் ஆம்ப் கொடுக்க வேண்டிய வோல்ட். அதை வர்க்கமாக்கி 6 ஓமால் வகுத்தால் வாட். 60 ஹெர்ட்ஸ் சொன்னதற்குக் காரணம், விலை குறைந்த மீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யக்கூடாது, லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கணக்கில் பார்த்தாலும், 86 டெசிபல் ஸ்பீக்கர் இரண்டு, 8 அடி தூரத்தில் 1 வாட்டுக்கே 82, 83 டெசிபல் கொடுக்கும். சராசரி 75ல் கேட்டு உச்சத்துக்கு இன்னும் 15 சேர்த்தால் 90. அதற்கு 5, 6 வாட் போதும். 30லிருந்து 60 வாட் போனால் கூடுவது 3 டெசிபல், 100 போனால் 5. இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது 300 வாட்.

வோல்டேஜ் விஷயம். உள்ளே கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் என்றால், 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் உச்ச வாட் மூன்றில் ஒரு பங்கு குறையும். காதுக்கு அது 1.7 டெசிபல், அதுவும் முழு வேகத்தில் ஓட்டினால்தான் தெரியும். எஸ்எம்பிஎஸ் அடாப்டரில் (லேப்டாப் சார்ஜர் மாதிரி) ஓடும் ஆம்ப்புக்கு 190 ஒரு பொருட்டே இல்லை. ஒலிக்காக ஸ்டெபிலைசர் வேண்டாம்.

ம்ம்ம் இரைச்சலுக்கும் ஸ்டெபிலைசருக்கும் சம்பந்தம் இல்லை. கேபிள் டிவி கோஆக்ஸ் வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் லூப், இரண்டு எர்த் வழிக்கு நடுவே வயரில் சுற்றும் கரண்ட். டிவியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் (ஒளியிழை) வழி இருந்தால் அதில் போங்கள், கண்ணாடி இழையிலும் பிளாஸ்டிக் இழையிலும் கரண்ட் ஓடாது. இல்லையென்றால் ஆடியோ வழியில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்று அர்த்தம். எது எப்படியோ, எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். இரைச்சல் போய்விடும், ஒரு நாள் ஆளும் போய்விடலாம்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். நம்ம பக்கம் பல இடத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை, பைப் முழு ஆழம் இறங்கியிருக்காது. சித்திரை வைகாசியில் குழி வறண்டு எர்த் வேலை செய்யாமல் போகும். சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 10, 20 காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கோடையில் வாரம் இரண்டு முறை எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழக்கமாகட்டும்.

வயருக்குச் சின்னச் செலவு உண்டு. உங்களுடைய மெல்லிய வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால் போக வர 10 மீட்டருக்கு 0.4 ஓம். 6 ஓம் ஸ்பீக்கருக்கு 5 சதவீதமான 0.3ஐத் தாண்டுகிறது. ஹார்டுவேர் கடையில் இரண்டு கோர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஃப்ளெக்ஸிபிள் வயர் 10 மீட்டர் வாங்கினால் 0.13 ஓம் ஆகிவிடும், வேலை முடிந்தது. இதற்கு மேல் வயருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.


சத்துவாச்சாரி_ரசிகன்:

முடிவுகள். ஸ்பீக்கரைச் சமமாக வைத்து சோஃபாவை முன்னால் இழுத்ததும் கும் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. பின்சுவரிலிருந்து 2 அடி நன்றாக இருக்கிறது. டோனில் பீரோக் கதவு 82 ஹெர்ட்ஸில் கத்தியது, கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினேன்.

மீட்டர் 1.6 வோல்ட் காட்டியது. 4ஆல் பெருக்கினால் 6.4, வாட் 6.8 வருகிறது. ஆம்ப் ஆசை போய்விட்டது.

இரண்டு வூஃபரும் ஃபோம் விளிம்பு. வலதில் வெடிப்பு, இடதில் பிசுபிசுப்பு. கெப்பாசிட்டரில் 4.7 என்று போட்டிருக்கிறது, இடது 3.1, வலது 4.5. ட்வீட்டர் இடம் மாற்றியும் இடதுதான் மந்தம். கோஆக்ஸைப் பிடுங்கியதும் இரைச்சல் நின்றது.

இப்போது கேள்வி, இதை ரிப்பேர் செய்வதா, புதிதாக வாங்குவதா?


ஆற்காடு_சால்டரிங்:

முதலில் ரிப்பேர். உங்கள் இடது கெப்பாசிட்டரைக் கணக்கிட்டுப் பாருங்கள். 6 ஓம் ட்வீட்டருக்கு அது ஒன்றுதான் தடுப்பு என்றால், 4.7ல் ட்வீட்டர் 5,600 ஹெர்ட்ஸ் சுமாரில் எழும். 3.1ல் அது 8,500க்குப் போய்விடுகிறது. நடுவில் ஒரு பள்ளம், ச, ஷ, ஸ எழுத்துகளின் விளிம்பெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. வார்த்தை புரியாததற்குக் காரணம் தேடி வெளியே போக வேண்டாம்.

ஃபோம் வளையம் வாங்க 6.5 இன்ச் என்று மட்டும் சொன்னால் தப்பான அளவு வரும். கூம்பின் வெளி விட்டம், ஃபோம் மேடு முடியும் விட்டம், ஃப்ரேமின் உள் விட்டம், மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் இல்லையென்றால் ஆன்லைனில். பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்து, காகிதக் கூம்பு என்றால் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போதும். பிளாஸ்டிக் கூம்பில் அது பிடிக்காது, அதற்கான ரப்பர் பசை வேண்டும். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம், விளிம்பு கல்லாக இறுகி வெடிக்கும். முதலில் கூம்புப் பக்கம் ஒட்டிக் காய விடுங்கள். பிறகு ஃப்ரேம் பக்கம் பசை ஈரமாக இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓட்டி, கூம்பு 2, 3 மில்லிமீட்டர் ஆடும்போது உரசல் கேட்காத இடம் பார்த்து நகர்த்தி, துணிக் கிளிப் வைத்து 24 மணி நேரம் தொடாதீர்கள். அடுத்த ஜோடிக்கும் இதே கதி வேண்டாம் என்றால் ரப்பர் வளையம் கேட்கலாம். ஆனால் கனம் கூடினால் பேஸ் குறையும், மெல்லியதாகப் பாருங்கள்.


காட்பாடி_கேள்விக்காரன்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ரிப்பேர் செய்யுங்கள், செலவு சில நூறுதான். ஆனால் அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கெப்பாசிட்டர் கிராஸ்ஓவர் என்றால் அதன் எல்லை அதுவே. 6.5 இன்ச் வூஃபரை வடிகட்டாமல் 5,000 ஹெர்ட்ஸ் வரை ஓட விட்டால், சத்தம் ஏற்றும்போது கூம்பு ஒன்றாக அசையாமல் பகுதி பகுதியாகத் தன்னிஷ்டத்துக்கு அதிரும். காது கூசுவதில் ஒரு பங்கு அது. எந்தப் பசையாலும் அது தீராது.

ரிப்பேர் முடித்து இரண்டு வாரம் கேளுங்கள். அப்போதும் ஏற்றினால் கூசினால் பணம் முழுக்க ஸ்பீக்கருக்கு. 5 அல்லது 6.5 இன்ச் இருவழி (ஒரு வூஃபர், ஒரு ட்வீட்டர்), 6 அல்லது 8 ஓம், 86 டெசிபலுக்குக் குறையாத சென்சிடிவிட்டி. உங்கள் அறைக்கு போர்ட் (பெட்டியில் பேஸுக்காக விடும் துளை) முன்பக்கம் இருப்பது அல்லது போர்ட் இல்லாதது சௌகரியம். கடைக்குப் போகும்போது தெரிந்த பாட்டு மூன்று கொண்டு போங்கள்: ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், நாகஸ்வரமும் தவிலும். நாகஸ்வரத்தைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள். அது கூசாமல் நிறைந்து வந்தால் மற்றதெல்லாம் வரும். எழுந்து நின்றும் பக்கவாட்டில் நகர்ந்தும் கேளுங்கள். குரலின் நிறம் மாறாத பெட்டியை எடுங்கள். வீட்டு அறையில் சுவரில் தட்டித் திரும்பி வருவது அந்தப் பக்கவாட்டு ஒலிதான்.

டாக் இப்போது வேண்டாம். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் பின்சத்தமே 45, 50 டெசிபல். டாக்குக்கு டாக் உள்ள வித்தியாசம் அதற்கெல்லாம் எவ்வளவோ கீழே. டிவியிலிருந்து ஆப்டிகல் போட்டதும் சத்தமே வரவில்லை அல்லது கரகரத்தது என்றால், டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றுங்கள். சப்வூஃபரை 57 ஹெர்ட்ஸ் கும்மை அடக்காமல் வாங்கினால் அந்தக் கும்முக்குத் தீனி போட்ட மாதிரி. மிச்சமிருக்கும் கும்முக்கு போனிலேயே ஈக்வலைசர் செயலியில் 57ல் 4 டெசிபல் குறைத்துப் பாருங்கள். பள்ளத்தை நிரப்ப ஏற்ற வேண்டாம், குறைக்க மட்டும். 31, 62, 125 என்று பட்டை மட்டும் இருந்தால் 62ஐக் குறையுங்கள், கொஞ்சம் அகலமாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

ஆம்ப்பை மூடிய டிவி அலமாரிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுத்து மேலே 4 இன்ச் காற்று விடுங்கள். உள்ளே 10 டிகிரி ஏறினால் அதன் கெப்பாசிட்டர்களின் ஆயுள் பாதியாகும். 5 வருட ஆம்ப் இன்னும் 10 வருடம் ஓட வேண்டியது.


சத்துவாச்சாரி_ரசிகன்:

ஃபோம் வளையம் 2, 4.7 மைக்ரோஃபாரட் 2, வயர் 10 மீட்டர் ஆர்டர் போட்டுவிட்டேன். கூம்பு காகிதம்தான், அதனால் வெள்ளைப் பசை. ஒட்டும்போது கூம்பின் நடுவிலிருக்கும் டஸ்ட் கேப்பை (தூசி மூடி) கழற்ற வேண்டுமா சார்?


ஆற்காடு_சால்டரிங்:

வேண்டாம். டோன் வைத்து நடுவாக்கினால் கேப்பைத் தொடவே வேண்டியதில்லை. டோன் ஓடும்போது ட்வீட்டர் வயரைக் கழற்றி வையுங்கள், சால்டர் வைக்கும்போது ஆம்ப் பிளக் வெளியே இருக்கட்டும்.